செத்த ரோட்டுக்கு உயிர் கொடுத்த சலூன்காரர்!

அமெரிக்காவில் 66-ம் நம்பர் ரோடு மிகப் பிரபலமானது. 1926-ல் ஏற்பட்டது. சிகாகோவில் தொடங்கி சாண்டா மோனிகா கடற்கரை வரை சுமார் 2,400 மைல் நீளம்.

வழியில், அரிசோனா மாநிலத்தில், செலிக்மன் என்ற சிற்றூர். அங்கே சலூன் வைத்திருந்தவர் ஏஞ்சல் டெல்காடியோ.

1978 செப்டம்பரில் ஊருக்கு வெளியே புதிய நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. ஊருக்குள் கார்கள் வருவது நின்றது. வியாபாரம் படுத்தது. 1985-ல் 66-ம் நம்பரே ரத்தாயிற்று.

டெல்காடியோ சோர்ந்துவிடவில்லை. 1987-ல் ஊராரைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். "பழைய ரோட்டைக் காப்பாற்றுங்கள்" என்று மாநில சர்க்காரிடம் சங்கம் மன்றாடியது. அதே ஆண்டில் செலிக்மன்-கிங்மன் பாதை "சரித்திரச் சாலை" ஆயிற்று!

2009-ல் அரிசோனாவின் 66-ம் நம்பர் ரோட்டுக்கு "அகில அமெரிக்கச் சாலை" என்ற பட்டத்தை மத்திய சர்க்கார் அளித்தது. சாலைகளுக்கு அங்கே இது பெரிய கௌரவம்.

பழைய ரோட்டைப் பார்க்க வெளிநாட்டாரும் வந்தனர். ரோடு பிழைத்தது, ஊரும் பிழைத்தது!