கொத்தனார் டாக்டர்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் எங்கள் பக்கத்து சர்ச்சுகளில் ஒரு தட்டு வரும். அதில் வாக்குத்தத்த அட்டைகள். ஆளுக்கொன்று எடுக்கணும். புது வருஷம் முழுக்க ஆண்டவர் நமக்கென்று கொடுத்த வசனம் அது. ஓசூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் நம்ம பையன்கள் அதை லாட்டரி ரிசல்ட் பார்ப்பது மாதிரி பார்ப்பார்கள். 'ஆசீர்வாதம்' என்று இருந்தால் முகமெல்லாம் பல்லு. 'பொறுமை' என்று வந்துவிட்டதோ, பக்கத்து ஆளிடம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கண்ஜாடை!

கிண்டல் இல்லை ஸார். என் பர்ஸிலும் ஓர் அட்டை இருக்கிறது.

கல்லாவி எங்கே என்று கேட்பவர்களுக்கு: கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரை தாலுகா, சாமல்பட்டி ரயிலடிப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு இங்கிருந்து ஒரே திசைதான். ஓசூர் சிப்காட். முதலில் அப்ரண்டிஸ், அப்புறம் காண்ட்ராக்ட், அப்புறமும் காண்ட்ராக்ட். ஒரே ரூமில் அஞ்சு பேர், ஒரே பாத்ரூம். "என்னப்பா பண்றே?" என்று கேட்டால், "ஆண்டவர் கதவைத் திறப்பாருண்ணா, வெயிட் பண்றேன்" என்பான். ரெண்டு நிமிஷம் கழித்துக் குரல் இறங்கும். "மூணு வருஷம் வேஸ்ட்டுண்ணா."

இந்த 'வேஸ்ட்' என்ற வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் நான் ஒரு டாக்டர் கதையை எடுத்து விடுவேன். சீமையில் நடந்ததல்ல, பாதிக்கு மேல் நம்ம பக்கத்துச் சமாச்சாரம்.

பால் பிராண்ட் பிறந்தது 1914-ல், சின்ன வயதில் வளர்ந்தது கொல்லிமலையில். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின், இருவரும் மிஷனரிகள். ஒன்பது வயதில் பையனைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-ல் அப்பா மலைக்காய்ச்சலில் போய்விட்டார். பள்ளிக்கூடம் முடிந்ததும் பையன் என்ன பண்ணினான் தெரியுமா? கட்டட வேலைக்குப் போய்விட்டான். தச்சு வேலை, கொத்து வேலை. அப்பாவைப் போல மலைக்குப் போய் வீடு கட்டிக்கொடுத்து ஊழியம் செய்யவேண்டும் என்பது நினைப்பு. ஏறக்குறைய ஐந்து வருஷம்!

பிறகு மிஷனரிகளுக்கென்று நடந்த ஒரு வருஷ மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தார். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில், விபத்தில் ரத்தமெல்லாம் போய்ப் பிணம் மாதிரி வந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அவ்வளவுதான், ஆள் கவிழ்ந்துவிட்டார். டாக்டருக்கே படித்து சர்ஜன் ஆனார். 'முதலிலேயே இதுக்குப் போயிருக்கலாமே, இத்தனை வருஷம் செங்கல் அடுக்கி வீணாப்போச்சே' என்று யார்தான் நினைக்கமாட்டார்கள்?

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மறுவருஷம் செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்தார் பாருங்கள், டாக்டருக்கு வலி தாங்கவில்லை! செத்துப்போனது என்று ஊரே நினைத்த கைக்குள் அத்தனை பலம். உள்ளங்கையின் சின்னத் தசைகளுக்குப் போகும் நரம்புதான் கெட்டிருக்கிறது, முன்கைத் தசைகள் நன்றாகவே இருக்கின்றன என்று பிடிபட்டது. நல்ல தசையின் நாணை எடுத்து விரலோடு இணைக்கும் ஆபரேஷனை வேலூரில் செய்ய ஆரம்பித்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

இங்கேதான் வேடிக்கை. கை சரியான சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள். கை நேராகிவிட்டதால் பிச்சை விழுவதில்லையாம்! தொழுநோயாளி என்றால் வேலை தர ஆளில்லை. கையைக் கொடுத்தாயிற்று, அந்தக் கைக்குத் தொழில்?

அப்போதுதான் பழைய கொத்தனார் எழுந்து வந்தார். 1950-களின் தொடக்கத்தில் 'நவ ஜீவ நிலையம்' என்று ஓர் இடம் அமைத்து, நோயாளிகளுக்குத் தச்சு வேலை சொல்லித் தந்தார்கள். தந்தவர் நம்ம டாக்டரேதான். ரம்பமும் சுத்தியலும் தெரிந்தவர் என்பதால் வேறு எந்த சர்ஜன் கண்ணுக்கும் படாத ஒன்று அவர் கண்ணில் பட்டது. வலி தெரியாததால் இவர்கள் கருவியை அளவுக்கு மீறி இறுக்குகிறார்கள். தோல் கிழிந்தாலும் வேலையை நிறுத்துவதில்லை. அப்படியானால் விரல்கள் குறைவது நோய் தின்பதால் அல்ல, வலி இல்லாததால் படுகிற காயத்தால்! கருவிகளின் பிடியை மாற்றினார். பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்தார்கள். அப்படியும் சில விரல்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் குறைந்தன. காவல் வைத்துப் பார்த்தால்… எலி! கடிப்பதே தெரியாமல் தூங்கியிருக்கிறார்கள். அப்புறம் வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்குப் பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

இந்த இடம் வரும்போது பையன்கள் செல்போனைக் கீழே வைத்துவிடுவார்கள்.

ஆசீர்வாதம் என்றதும் நமக்கு ஆர்டர் கையில் வருகிற தேதிதான் ஞாபகம் வருகிறது. அது வந்து நிற்கும்போது வாங்கிக்கொள்ள நம்மிடம் பாத்திரம் இருக்கிறதா என்று ஏனோ கேட்பதில்லை. நம்ம ஆண்டவரே முப்பது வயதுவரை தச்சுப் பட்டறையில் இருந்தவர்தானே? ஒருத்தன் ஃபிட்டர் வேலைதான் என்று சலித்துக்கொண்டே வெர்னியர் பிடிக்கிறான். இன்னொருத்தன் அதே வெர்னியரைப் பிடித்துக்கொண்டே டிராயிங் படிக்கக் கற்றுக்கொள்கிறான். பத்துக்குப் பத்து ரூமில் இருவரும் ஒரே பாயில்தான் படுக்கிறார்கள். ஒன்றையும் சொல்லியாகவேண்டும். வருஷக்கணக்கில் காண்ட்ராக்டிலேயே வைத்திருப்பதை ஆண்டவர் தரும் பயிற்சி என்று சொல்லி சமாதானம் பண்ண எனக்கு இஷ்டமில்லை. அது கம்பெனிக்காரன் கணக்கு. அந்த வருஷத்தில் கை எதைக் கற்றுக்கொள்கிறது என்பது மட்டும்தான் நம்ம கணக்கு.

"எனக்கு இருபத்தெட்டு ஆச்சுண்ணா, இனிமே என்ன?" என்று இழுப்பவனுக்கு டாக்டரின் அம்மாவைச் சொல்வேன். 1947-ல் ஈவ்லின் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. மிஷன் ரிடையர்மென்ட் என்றது. அந்த அம்மா போகவில்லை. தன் பொறுப்பிலேயே கொல்லிமலையில் தங்கி, அப்புறம் நம்ம அரூருக்குத் தெற்கே இருக்கிற கல்வராயன் மலை வரைக்கும் குதிரையில் சுற்றினார். தொண்ணூற்றைந்து வயதில், 1974-ல் காலமானார். கொல்லிமலை வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே கல்லறை.

இப்போது காரவள்ளியிலிருந்து பஸ்ஸில் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு, பாதி வழியிலேயே வயிற்றைப் பிசையும். எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.