சந்தையில் முதலிடம்

பின்லாந்து தேசத்தில் நொக்கியா என்னும் சிறு பட்டினம் ஒன்று உண்டு. பிரெட்றிக் இடெஸ்டாம் என்னும் பொறியியலாளர் 1865ஆம் ஆண்டில் தொடங்கிய மரக்கூழ்த் தொழில், சில ஆண்டுகளுள் அப்பட்டினத்து ஆற்றங்கரைக்கும் பரவி, அதன் பெயரையே தன் பெயராகக் கொண்டது. 1967இல் அத்தாபனம் றப்பர்த் தொழிலும் கம்பித் தொழிலும் நடத்திய வேறிரு தாபனங்களோடு ஒன்றாய் இணைந்தது. காகிதமும் றப்பர்ச் சப்பாத்தும் விற்ற இத்தாபனமே, 1998இல் அமெரிக்காவின் மோட்டொறோலாவைப் பின்தள்ளி, உலகிலே கையடக்கத் தொலைபேசி செய்வோருள் முதலிடம் பெற்றது. பதினான்கு ஆண்டுகள் அவ்விடம் அதனிடமே இருந்தது. பின்னர் அது கைவிட்டுப் போன வரலாறு, சந்தைப் போட்டியின் இயல்பை விளக்க வல்லது.

சந்தைப் பங்கு என்பது யாது? குறித்த ஒரு காலத்தில், பெரும்பாலும் மூன்று மாதத்தில், எல்லா உற்பத்தியாளரும் விற்பனைக்கு அனுப்பிய கருவிகள் நூறாயின், அவற்றுள் ஒரு தாபனத்துக்கு உரியவை எத்தனை என்பதே அக்கணக்கு. மக்கள் கையில் முன்னரே உள்ள கருவிகள் அதில் அடங்கா. விற்ற எண்ணிக்கை வேறு, ஈட்டிய இலாபம் வேறு என்பதையும் மறத்தலாகாது.

நொக்கியாவின் ஏற்றத்துக்குக் காரணங்கள் தெளிவானவை. 1992இல் தலைமை ஏற்ற யோர்மா ஒல்லிலா, பழைய தொழில்களைப் படிப்படியாக விலக்கித் தொலைத்தொடர்பு ஒன்றிலேயே முயற்சியைக் குவித்தார். செல்வர்க்கு ஒன்று, எளியோர்க்கு ஒன்று எனப் பலவகைக் கருவிகள் செய்யப்பட்டன. 2003இல் வெளிவந்த 1100 என்னும் கருவி மலிவானது. தூசி புகாத பொத்தான்களும் உச்சியில் ஒரு சிறு மின்விளக்கும் உடையது. மின்சாரம் அரிதான கிராமங்களின் தேவையை அறிந்து செய்யப்பட்ட அக்கருவி 25 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. 2006இல் சென்னைக்கு அண்மையில் உள்ள சிறீபெரும்புதூரிலும் நொக்கியாவின் தொழிற்சாலை ஒன்று இயங்கத் தொடங்கியது.

2007இல் அப்பிள் தாபனம் ஐபோன் என்னும் திறன்பேசியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அப்பொழுது உலகில் விற்பனையான திறன்பேசிகளுள் ஏறத்தாழப் பாதி நொக்கியாவினுடையவை. தொடுதிரையும் அதற்குப் புதிதன்று. 2004இலேயே அத்தகைய கருவி ஒன்றை அது அறிவித்திருந்தது. குறை வேறோரிடத்தில் இருந்தது. அது பயன்படுத்திய சிம்பியன் என்னும் இயங்குமுறை, சிறிய நினைவகமும் பொத்தான்களும் கொண்ட கருவிகளுக்கென வளர்க்கப்பட்டது. அதற்குச் செயலிகள் எழுதுவது கடினம். அப்பிளோ, 2008இல் செயலிகளுக்கென்றே ஒரு கடையைத் திறந்தது. அதே ஆண்டில் கூகிளின் அண்ட்ரொயிட் இயங்குமுறை கொண்ட முதற் கருவியும் வெளிவந்தது. அண்ட்ரொயிட்டை எந்த உற்பத்தியாளரும் கட்டணமின்றிப் பெறலாம்.

இங்கே போட்டியின் முறையே மாறிவிட்டது. செயலிகள் மிக்க கருவியை மக்கள் நாடுவர். மக்கள் மிக்க இடத்தை நோக்கிச் செயலி எழுதுவோர் செல்வர். ஒன்று மற்றொன்றை வளர்க்க, முந்தியவர் மேலும் முந்துவர். 2010இல் நொக்கியா விற்ற திறன்பேசிகளின் தொகை முந்திய ஆண்டினும் கூடியது; ஆயினும் அதன் பங்கு குறைந்தது. சந்தை அதனினும் விரைவாக வளர்ந்தமையே காரணம். விற்பனைப் புத்தகத்தை மட்டும் நோக்குவோர்க்கு இவ்வீழ்ச்சி எளிதில் புலப்படாது.

2011 பெப்ரவரியில் நொக்கியா, இனித் தன் திறன்பேசிகளுக்கு மைக்ரோசொவ்ற்றின் இயங்குமுறையையே முதன்மையாகக் கொள்வதாக அறிவித்தது. அம்முறையில் அமைந்த முதற் கருவி கடைக்கு வந்ததோ அவ்வாண்டின் இறுதியில். கைவிடப்படும் என்று அறிந்த பழைய கருவியை இடைக்காலத்தில் யார் விரும்பி வாங்குவர்? 2012இல் கொரியாவின் சம்சுங் முதலிடத்தைக் கைப்பற்றியது. 2013இல் கையடக்கத் தொலைபேசிப் பிரிவை 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசொவ்ற்றுக்கு விற்க உடன்பாடாயிற்று. வாங்கிய தாபனமும் பயன்பெறவில்லை. 2015இல் ஏறத்தாழ 760 கோடி டொலரை நட்டமெனக் கணக்கில் எழுதியது.

சிறீபெரும்புதூர்த் தொழிற்சாலை, வரி வழக்கின் காரணமாக அவ்விற்பனையிற் சேர்க்கப்படவில்லை. 2014 நவம்பரில் அங்கு உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர், அவர்களுட் பலர் அயற்கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். அவர்கள் செய்த வேலையில் குற்றம் யாதும் இல்லை. பின்லாந்தின் சாலோ நகரிலும் 2012இலேயே தொழிற்சாலை மூடப்பட்டிருந்தது. தொலைவில் உள்ள தலைமையகங்களில் நூற்றுவீதமாக எழுதப்படும் எண், தொழிலாளியின் வீட்டில் அடுப்பெரிவதையும் அணைவதையும் தீர்மானிக்கின்றது.

நொக்கியா மறைந்துவிடவில்லை. தொலைத்தொடர்பு வலையமைப்புக் கருவிகள் செய்யும் தாபனமாக அது நிலைத்துள்ளது. மரக்கூழிலிருந்து றப்பருக்கும், றப்பரிலிருந்து தொலைபேசிக்கும் காலமறிந்து மாறிய தாபனம், தன் வெற்றியின் உச்சியில் நின்றபோது மட்டும் மாறத் தயங்கியது. முதலிடம் என்பது நேற்று வாங்கியவரின் தீர்ப்பு; நாளை வாங்குபவர் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர்.