டீ டிக்காஷனில் குளிக்கும் வெள்ளை முட்டை! ‘நாட்டு முட்டை’ என்று சொல்லி நாமம் போடும் கும்பல்

கொல்லையில் கோழி வளர்க்கும் பெண்கள் பிழைப்பில் மண்

சென்னை:

பண்ணை வெள்ளை முட்டையை டீ டிக்காஷனில் முக்கி எடுத்து, ‘‘அசல் நாட்டுக்கோழி முட்டை’’ என்று தலையில் கட்டுகிற பேர்வழிகளால் இரண்டு பேருக்கு நஷ்டம். ஒருவர், இரட்டை விலை கொடுத்து ஏமாறுகிறவர். இன்னொருவர், வீட்டுக் கொல்லையில் ஐந்தாறு கோழி வளர்த்து, மிஞ்சுகிற முட்டையை விற்றுப் பிழைக்கும் ஏழைப் பெண்.

‘‘ஏம்மா, இது நெஜமாவே நாட்டு முட்டைதானா? சாயம் போட்டதா?’’ என்ற கேள்வி முதலில் பாய்வது இந்தப் பெண்கள் மீதுதான்!

இதுபற்றிய விவரம் வருமாறு:–

சில்லறைக் காசு, பெரிய உதவி

மாதவரம், புழல் போன்ற புறநகர் பக்கம் வீட்டுக்குப் பின்னால் துளி இடம் இருந்தால் போதும். ஒரு பஞ்சாரம், ஐந்தாறு கோழி. நொய், மிஞ்சிய சோறு, கீரைத்தண்டு, மண்ணைக் கிளறினால் கிடைக்கும் புழு பூச்சி, இதுதான் தீனி. பெரிய செலவு கிடையாது.

வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய முட்டை பக்கத்து வீட்டுக்கும் தெருமுனைக் கடைக்கும் போகும். வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு கொடுக்க, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்க என்று நாட்டு முட்டையைத் தேடி வருகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தக் காசில்தான் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமும், அவசரத்துக்கு பஸ் சார்ஜும்.

நாமக்கல் பண்ணை முட்டைக்கு விலை சொல்ல 1982–ல் ஏற்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. கொல்லை முட்டைக்கு அப்படி யாரும் இல்லை. வாங்குகிறவரின் நம்பிக்கைதான் அதற்கு விலை. பண்ணை முட்டையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கொடுக்கிறார்கள். மோசடிக்காரனின் கண்ணை உறுத்துவது இந்த விலைதான்.

கைவரிசை நடப்பது எப்படி?

பண்ணைகளில் புதிதாக முட்டையிடத் தொடங்கும் இளங்கோழிகளின் முட்டை சின்னதாக இருக்கும். விலையும் குறைவு. பார்வைக்கு நாட்டு முட்டை அளவுதான். இதை வாங்கி டீ டிக்காஷனிலோ, சாயத் தண்ணீரிலோ ஊறவைத்துக் காயவைத்தால், இளம் பழுப்பு நிறம் ஏறிவிடும். வேலை முடிந்தது!

கோவை, திருப்பூர் பக்கம் சந்தைகளில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இப்படிப்பட்ட சாய முட்டைகளைப் பறிமுதல் செய்தது உண்டு.

‘‘டீத் தண்ணிதானே, குடிக்கிறதுதானே’’ என்று விட்டுவிட முடியாது. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றை மூடிக் காப்பது, முட்டையோடு வரும் மெல்லிய மேல்பூச்சு. ஊறவைத்தால் அந்தப் பூச்சு கெட்டு, அழுக்குத் தண்ணீரில் உள்ள கிருமி உள்ளே நுழையும். முட்டையும் சீக்கிரம் கெடும்.

கணக்குப் போட்டால் குட்டு வெளிப்படும்!

மோசடியைப் பிடிக்க துப்பறியும் நிபுணர் வேண்டாம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

பண்ணையில் வளரும் வெள்ளை லெகார்ன் கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரை, அதற்கு மேலும் இடும். கொல்லையில் மேயும் நாட்டுக்கோழி இடுவதோ 60 முதல் 80 வரைதான். காரணம், பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அது அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரிக்க 21 நாள். அப்புறம் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு பல வாரம் திரியும். அதுவரை முட்டை கிடையாது.

ஆறு கோழி இருந்தால் ஆண்டுக்கு 360 முதல் 480 முட்டை. அதாவது நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றே கால்! 30 முட்டை கொண்ட ஒரு அட்டை நிரம்ப மூன்று, நாலு வாரம் ஆகும். பாதியை வீட்டில் தின்றால் இன்னும் இரண்டு மடங்கு நாள் ஆகும்.

அப்படியிருக்க, தினமும் பத்து அட்டை இறக்கி வைத்து, ‘‘எல்லாம் எங்க வீட்டுக் கோழி போட்டது சார்’’ என்று ஒருவர் சொன்னால்? தினம் 300 முட்டைக்கு சுமார் 1,500 நாட்டுக்கோழி வேண்டும். அது கொல்லை அல்ல, பண்ணை! நேர்மையாக நடக்கும் நாட்டுக்கோழிப் பண்ணைகளும் உண்டு. அவர்கள் பண்ணை என்று சொல்லியே விற்கலாம். வீட்டுக் கோழி என்று கதை விடத் தேவையில்லை.

வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

* வெள்ளைத் துணியை நனைத்து ஓட்டின் மேல் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஒட்டினால் சந்தேகமே வேண்டாம்.

* அசல் நாட்டு முட்டைகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று வெளிர், ஒன்று பழுப்பு, ஒன்று சின்னது, ஒன்று நீளம். ஒரு அட்டை முழுக்க ஒரே நிறம், ஒரே அளவு என்றால் உஷார்!

* பழுப்பு நிறம் மட்டும் சாட்சி ஆகாது. பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கோழிகளும் உண்டு. சென்னை நந்தனத்தில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ‘நந்தனம் கோழி’யின் முட்டையும் பழுப்புதான். ஓட்டின் நிறத்தால் சத்து கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

* தண்ணீரில் போட்டால் புது முட்டை அடியில் படுக்கும். நாள்பட்டது நிமிர்ந்து நிற்கும். மிதந்தால் தூக்கி எறியுங்கள். ஆனால் இது புதுசா, பழசா என்று மட்டுமே சொல்லும். நாட்டு முட்டையா என்று சொல்லாது.

விற்கிறவர்கள் கவனத்துக்கு

பேரைக் காப்பாற்றிக்கொள்ளப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு பென்சில் போதும்! முட்டையை எடுத்த தேதியை ஓட்டின் மேல் குறித்துவிட வேண்டும். கழுவாமல், காய்ந்த துணியால் மட்டும் துடைத்து, வெயில் படாத குளிர்ச்சியான இடத்தில் வைத்து, ஒரு வாரத்துக்குள் விற்றுவிட வேண்டும். புதர் மறைவில் கண்டெடுத்த, எப்போது இட்டது என்று தெரியாத முட்டையை விற்கவே கூடாது.

கொல்லைக் கோழிக்குப் பெரிய எமன் வெள்ளைக்கழிச்சல் நோய். ஒரே வாரத்தில் பஞ்சாரமே காலியாகிவிடும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

3 லட்சம் அபராதம்

ஒரு பொருளை இன்னொரு பொருளின் பெயரில் விற்பது, 2006–ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2011–ல் இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொய்ப் பெயரில் விற்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சந்தேகம் வந்தால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் கொடுக்கலாம்.

அதற்கும் முன்னால், முட்டை வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘‘வீட்டுல எத்தனை கோழி இருக்கு?’’

ஆறு கோழி வைத்திருப்பவர் நீட்டுவது ஒரு கை முட்டையாகத்தான் இருக்கும். பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். கூடை நிறைய நீட்டுகிறவரிடம் வாங்கும் முன், துணியை நனையுங்கள்!