வெறுஞ்சாலோடு மேடேறும் மாடு: ரியாக்டிவ் பவர் குறித்துச் சில குறிப்புகள்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், வன்னியம்பட்டியில், லைனின் கடைசிக் கம்பத்தில் இருக்கிறது எங்கள் தோட்டம். ஒரு கோடையில் இரண்டு தடவை மோட்டார் புகைந்தது. காயில் கட்டுகிற அண்ணாச்சி கருகிய கம்பியைப் பிரித்துப் போட்டபடியே சொன்னார்: "கரண்டு வருது தம்பி, அதுல தெம்பு இல்ல." நான் அப்போது ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மில்லுக்குள் தெம்பு இருந்தது, தோட்டத்தில் இல்லை. இந்தத் தெம்பு எங்கே உற்பத்தியாகிறது, யார் விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை.

கமலை இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்குவது எளிது. மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டுச் சால் நிறைந்து மேலே வருகிறது. பிறகு மாடுகள் பின்னுக்கு நடந்து மேடேறுகின்றன. வெறுஞ்சால் கிணற்றுக்குள் இறங்குகிறது. இந்தப் பின்நடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வருவதில்லை. ஆனால் அது இல்லாமல் அடுத்த சால் இல்லை.

மோட்டாருக்குள்ளும் இதுதான் நடக்கிறது. சுழல்வதற்கு அதற்கு ஒரு காந்தப்புலம் வேண்டும். அந்தப் புலத்துக்கான ஆற்றல் வினாடிக்கு 100 தடவை லைனிலிருந்து போய், திரும்பி வருகிறது. செலவாவதில்லை, போய்ப் போய் வருகிறது. இதைத்தான் ரியாக்டிவ் பவர் என்கிறார்கள். வீட்டு மீட்டர் கூலி போடுவது நிறைந்த சாலுக்கு மட்டும்தான்.

ஆனால் பின்நடைக்கும் வடம் தேய்கிறது. பவர் பேக்டர் 0.7 என்றால், அதே வேலையைச் செய்யக் கம்பியில் ஏறத்தாழ 1.4 மடங்கு கரண்டு ஓட வேண்டும். கம்பி சூடாகி வீணாவது கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே இழப்பு இரண்டு மடங்கு. கூடவே வோல்டேஜ் விழுகிறது. வோல்டேஜ் விழுந்தால் மோட்டார் அதே தண்ணீரை இறைக்க இன்னும் கரண்டை இழுக்கிறது, காயில் கருகுகிறது. அண்ணாச்சி சொன்ன தெம்பு இதுதான்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். சாதாரண மின்சாரத்தை நெய்வேலியிலிருந்தோ கூடங்குளத்திலிருந்தோ கொண்டுவந்துவிடலாம். ரியாக்டிவ் பவரை அப்படி நெடுந்தூரம் அனுப்ப முடியாது. லைனே அதைக் குடித்துவிடும், வழியெல்லாம் வோல்டேஜையும் இறக்கிவிடும். கமலை மேட்டைக் கிணற்றடியில்தான் போட முடியும் என்பது போல, இது தேவைப்படும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைத்தாக வேண்டும். ஆகவே மையத்தில் உபரி இருப்பதால் விளிம்புக்கு ஒரு பயனும் இல்லை.

அப்படியானால் பக்கத்தில் யார் கொடுப்பது? மில்லில் இந்தக் கேள்விக்குப் பதில் பில்லிலேயே இருந்தது. உயரழுத்த இணைப்பில் பவர் பேக்டர் 0.90க்குக் கீழே போனால் தண்டம் உண்டு. எனவே கப்பாசிட்டர் பேனல் இருபத்து நாலு மணி நேரமும் 'டக் டக்'கென்று விழுந்து எழுந்து கணக்கைச் சரிசெய்தது. தோட்டத்துக்கு மீட்டர் கிடையாது. இலவச மின்சாரம் நம் விவசாயிகள் உயிர் கொடுத்துப் பெற்ற உரிமை. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பம்புசெட்டில் மாட்டிய கப்பாசிட்டர் கெட்டுப்போனால், அதை மாற்றுகிறவனுக்குப் பில்லில் லாபமும் இல்லை, மாற்றாதவனுக்கு நட்டமும் இல்லை. நட்டம் மொத்த லைனுக்கும் பரவி, கடைசிக் கம்பத்துக்காரன் தலையில் விடிகிறது. எதை அளப்பது, எதை அளக்காமல் விடுவது என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல. வீட்டுக்குள் பெண்கள் செய்யும் வேலை தேசிய வருமானக் கணக்கில் வராமல் போன கதை நமக்குத் தெரியும்.

தண்டம் ஒரு வழி. கூலி கொடுத்து வாங்குவது இன்னொரு வழி. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு விதி மாநிலங்களுக்கு இடையே இதைச் செய்தது. வோல்டேஜ் 97 சதவீதத்துக்குக் கீழே போகும்போது ரியாக்டிவ் பவரை இழுப்பவர் பணம் கட்ட வேண்டும். கொடுப்பவருக்குப் பணம் வரும். 103க்கு மேலே போனால் கணக்கு தலைகீழ். யூனிட்டுக்கு 10 பைசாவில் தொடங்கியது. பிரிட்டனில் மெர்சி பகுதியின் தேவைக்கு டெண்டர் விட்டு, 2020இல் ஒரு ரியாக்டரும் ஒரு பேட்டரியும் தேர்வாயின. ஸ்பெயினில் 2025 ஏப்ரல் 28 அன்று வோல்டேஜ் கட்டுக்கடங்காமல் ஏறி, போர்ச்சுக்கலும் சேர்ந்து இருண்டது. சூரிய, காற்றாலை நிலையங்கள் பெரும்பாலும் வோல்டேஜுக்குத் தக்கபடி மாறாமல் ஒரே பவர் பேக்டரில் ஓடிக்கொண்டிருந்தன. அப்படி ஓடச் சொன்னதே அங்குள்ள விதிதான். மின்சாரம் ஏராளமாக இருந்த நாள் அது. தெம்பைப் பிடித்து நிறுத்தத்தான் போதிய ஆள் இல்லை.

நம் பக்கமும் கயத்தாறு, முப்பந்தல் காற்றாலைகளில் பழையவை மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே ரியாக்டிவ் பவரை இழுப்பவை. அதற்குக் கட்டணமும் உண்டு. புதிய இன்வெர்ட்டர்களோ, அதற்கென வடிவமைத்தால், வெயில் இல்லாத ராத்திரியிலும் ரியாக்டிவ் பவர் கொடுக்க வல்லவை. கப்பாசிட்டருக்கு ஒரு குணம்: வோல்டேஜ் 90 சதவீதமாக விழுந்தால் அது தருவது 81 ஆகிவிடும். கைகொடுக்க வேண்டிய நேரத்தில் கை சுருங்கும். இன்வெர்ட்டர் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை.

ஆகச் சந்தையிடம் விட்டுவிடலாமா? கூடாது என்பேன். பக்கத்தில்தான் வாங்க முடியும் என்கிற சரக்குக்குப் பக்கத்தில் ஒருவனே விற்பவன் என்றால், அவன் சொன்னதுதான் விலை. எனவே விலையை ஆணையம் நிர்ணயிக்க வேண்டும். எந்த பீடரில் எவ்வளவு வாங்கினார்கள், கடைசிக் கம்பத்தில் வோல்டேஜ் எவ்வளவு என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். பம்புசெட்டுக் கப்பாசிட்டரைப் பராமரிப்பதையும் வாங்கப்படும் சேவையாகவே நடத்தலாம்; விவசாயியிடம் மீட்டர் வைக்கத் தேவையில்லை, டிரான்ஸ்ஃபார்மரில் அளந்தால் போதும்.

மும்முனை மின்சாரம் எத்தனை மணி நேரம் என்று கேட்டு மறியல் செய்திருக்கிறோம். எத்தனை வோல்ட் என்று கேட்டதில்லை. அடுத்த மனுவில் அந்த வரியையும் சேர்ப்போம்.