நண்பர் வீடு மாறும்போது

வீடு மாறுதல் எல்லா ஊர்களிலும் உள்ளதே. ஆயினும் தலைநகராகிய தில்லியில் வாழும் அரசு ஊழியர் குடும்பங்களுக்கு அது அடிக்கடி நேரும் நிகழ்ச்சியாகும். மாற்றல் உத்தரவு வருகின்றது. பதவி உயர்வால் சற்றுப் பெரிய வீட்டிற்கு உரிமை கிடைக்கின்றது. ஓய்வு பெற்றால் அரசு வீட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கின்றது. சில வேளைகளில் குடியிருப்பே நம்மை விட்டுப் போய்விடுகின்றது. 2016ஆம் ஆண்டில் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலிய ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அங்கே நெடுநாள் வாழ்ந்த குடும்பங்கள் வேறிடம் நாட வேண்டியதாயிற்று.

சொந்த ஊரிலாயின் இத்தகைய வேளையில் மாமனும் மைத்துனனும் ஓடிவருவர். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்வோர்க்கு நண்பரே சுற்றத்தார். ஆகவே அந்த நட்பு நலிவுறாமல் உதவுவது எப்படி, உதவி பெறுவது எப்படி என்பதைச் சற்று ஆராய்வது பயனுடையதாகும்.

முதலில் கேட்கும் முறையைப் பார்ப்போம். உதவி வேண்டுபவர் ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். எந்த நாள், எத்தனை மணி நேரம், எத்தனையாவது மாடி, மின்தூக்கி உண்டா இல்லையா என்பவற்றை மறைக்காமல் கூறுவதே நேர்மை. கேட்கப்பட்டவருக்கு இயலாது என்று சொல்லும் உரிமை உண்டு. நாற்பதைக் கடந்தவருக்கு இடுப்புவலியோ, வேறு உபாதையோ இருக்கலாம். அதனைக் காரணம் காட்டி அவர் ஒதுங்கினால் மனத்தாங்கல் கொள்வது தகாது.

உதவ முன்வருபவருக்கும் ஒரு சொல். 'ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்' என்று கூறிவிட்டுப் போவதால் யாருக்கும் பயனில்லை. மானமுள்ளவர் எவரும் பிறகு வந்து கேட்கமாட்டார். 'ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்து புத்தகங்களைக் கட்டித் தருகிறோம். பகல் உணவு எங்கள் வீட்டிலிருந்து வரும்' என்று குறிப்பாகச் சொல்வதே உதவி.

நாள் பார்ப்பதிலும் நண்பரின் நம்பிக்கையை மதிக்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகும் வழக்கம் நம்மவரிடையே பெரும்பாலும் இல்லை. வடநாட்டாரும் சூரியன் தனுர் ராசியில் இருக்கும் அதே நாட்களைக் கர்மாஸ் என்று சொல்லி நற்காரியங்களைத் தவிர்க்கின்றனர். நமக்கு இவற்றில் நம்பிக்கை இல்லாவிடினும், சாமான் கட்டும் நேரம் அதைப்பற்றி வாதிடும் நேரம் அன்று.

இனி வேலைக்கு வருவோம். நண்பர்கள் வந்து நிற்கும்போது அலமாரி திறந்தபடியும், சமையலறை கலைந்தபடியும் இருத்தல் அவர்களை அவமதிப்பதற்கு ஒப்பாகும். சிறு பொருள்களை எல்லாம் முன்னிரவுக்குள் கட்டி, ஒவ்வொரு பெட்டியின் மீதும் எந்த அறைக்கு உரியது என எழுதிவைத்தல் வேண்டும். புத்தகங்களைச் சிறிய பெட்டிகளில் இடுவதே நலம். பெரிய பெட்டி நிறையப் புத்தகம் அடுக்கினால் அதனை அசைக்கவும் இயலாது. இரும்பு பீரோவைக் காலி செய்த பின்னரே நகர்த்த வேண்டும். கிரைண்டரின் கல்லைத் தனியே எடுத்துவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தியே கொண்டுசெல்வது நல்லது. படுக்கவைத்தால் அதன் இயந்திரத்திலுள்ள எண்ணெய் குழாய்களுக்குள் சென்றுவிடக்கூடும். அப்படி நேர்ந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே மின்சாரம் தர வேண்டும். சமையல் வாயு உருளையில் 14.2 கிலோ வாயு உள்ளது. இரும்பின் எடையும் சேர்ந்தால் ஏறத்தாழ 30 கிலோ ஆகும். அதனை மற்றச் சாமான்களோடு லாரியில் அடைப்பது ஆபத்து. வேறு ஊருக்குப் போவோர் அதனை விநியோகஸ்தரிடம் ஒப்படைத்து உரிய சான்றினைப் பெற்றுச் செல்லுதலே முறை.

கனமான பொருள்களைத் தூக்குவதற்கு நண்பரைக் கூப்பிடுவதைவிடக் கூலியாட்களை அமர்த்துவதே அறிவுடைமை. குனிந்து தூக்காமல், முழங்காலை மடக்கி அமர்ந்து, பொருளை உடலோடு அணைத்து எழும் பழக்கம் அவர்களுக்கு உண்டு; மேசையருகே அமர்ந்து எழுதியே பழகிய நமக்கு இல்லை. கூலியை முதலிலேயே பேசிவிடுக. நண்பர்க்குத் தரும் தேநீரும் சிற்றுண்டியும் அவர்களுக்கும் தருக. பாரம் சுமப்பவரை நிற்கவைத்துவிட்டு நாம் மட்டும் உண்பது பண்பாகாது.

ஒரு குடும்பத்தின் சாமான்கள் வெளியே வரும்போது அதன் வாழ்க்கையே வெளியே வந்துவிடுகின்றது. மருந்துப் பெட்டி, கடன் பத்திரம், பழைய கடிதங்கள், கிழிந்த பாய் ஆகிய யாவும் நம் கண்ணில் படும். பார்த்தும் பாராதவராயிருத்தலே இங்குத் தலையாய ஒழுக்கம். 'இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்டலும், தூக்கியெறியச் சொல்லுதலும் வேண்டா. மூளியான அந்தப் பித்தளைச் செம்பு வீட்டு அம்மையாருக்கு அவர்தம் தாயார் தந்ததாயிருக்கலாம். சமையலறையில் எதை எடுப்பது, எதை விடுப்பது என்பதில் அவர் சொல்லே முடிவு.

கைதவறி ஏதேனும் உடைந்தால் உடனே சொல்லிவிட வேண்டும். உடையவர் முகம் சுளித்தல் ஆகாது. நகையையும் முக்கியமான பத்திரங்களையும் உரியவரே தம் கையோடு எடுத்துச்செல்வாராயின் ஐயத்திற்கே இடமிராது.

தில்லியின் கோடையில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டும். 'லூ' என்னும் அனற்காற்றும் வீசும். அக்காலத்தில் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். மோரும், உப்பிட்ட எலுமிச்சைச் சாறும் போதிய அளவு இருத்தல் வேண்டும். நண்பர்க்குப் பணம் நீட்டுதல் அவரைப் புண்படுத்தும். ஆனால் அவர் தம் வண்டியைக் கொண்டுவந்திருந்தால் அதற்கான பெட்ரோல் செலவை ஏற்பது நம் கடமை.

எல்லோருக்கும் சுமக்கும் வலிமை இராது. குழந்தைகளையும் முதியவர்களையும் அன்று பகல் முழுவதும் தம் வீட்டில் வைத்துக்கொள்வதும் பேருதவியே. புது வீட்டில் விளக்கேற்றிப் பால் காய்ச்சிய பிறகு நெடுநேரம் அமர்ந்து பேசாமல் விடைபெற்றுக்கொள்ள வேண்டும். அன்றிரவு அவர்களுக்கு வேண்டியவை குடிநீர், படுக்கை, எரியும் ஒரு விளக்கு, சூடான உணவு ஆகியவையே. அடுப்பு எரியத் தொடங்காத வீட்டிற்கு இட்லியும் சாம்பாரும் அனுப்பிவைக்கும் அண்டை வீட்டார், அன்றே நண்பராகிவிடுகின்றார்.

உதவி அத்துடன் முடிவதில்லை. ஓய்வு பெற்று, முப்பதாண்டு வாழ்ந்த வீட்டை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பும் தம்பதியரை எண்ணிப் பாருங்கள். லாரி போன பிறகு வெற்றறையில் அவர்கள் இருவர் மட்டுமே நிற்பர். அலுவலக நண்பர் பலரும் அத்துடன் மறந்துவிடுவர். சாவியை ஒப்படைக்க உடன் செல்வதும், ரயிலடி வரை போய் வழியனுப்புவதும், பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் நலம் கேட்பதும் பெட்டி தூக்குவதைவிடப் பெரிய உதவியாகும்.

வள்ளுவர் நட்பினை 79ஆம் அதிகாரத்தில் வைத்தார். செய்ந்நன்றியறிதலை 11ஆம் அதிகாரத்திலேயே வைத்துவிட்டார். உதவப் போகுமுன் நாம் முன்னதையும், உதவி பெற்றபின் பின்னதையும் ஒருமுறை படித்துக்கொள்வோமாக. அடுத்த மாற்றல் உத்தரவு யார் பெயருக்கு வரும் என்பதை எவர் அறிவார்?