ஒரு கிதார், மூன்று குரல்

1973இல் பதிவான 'வர்ச்சுவோசோ' ஆல்பத்தில் பேஸ் கிடையாது, டிரம்ஸ் கிடையாது, பியானோவும் கிடையாது. ஜோ பாஸ் என்ற அமெரிக்கரும் அவருடைய கிதாரும்தான். இசையமைப்பாளர் கோல் போர்ட்டரின் 'நைட் அண்ட் டே' தொடங்கியதுமே அடியில் பேஸ் நடை போடுகிறது, நடுவில் கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) விழுகின்றன, மேலே மெட்டு மிதக்கிறது. ஒரே ஆள் வாசிக்கிறார் என்பதைக் காது நம்ப மறுக்கும்.

இந்த வாசிப்பை ஜாஸ் உலகில் 'கார்ட் மெலடி' என்பார்கள். அடிப்படை மிக எளிது: மெட்டின் ஸ்வரம் எப்போதும் உச்சியில் இருக்க வேண்டும். பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது காது முதலில் பிடிப்பது மேலே இருப்பதைத்தான். அதனால் மெட்டைப் பெரும்பாலும் மெல்லிய தந்திகளில் வைத்துக்கொண்டு, கார்டை அதற்குக் கீழே கட்டுகிறார்கள்.

கையில் கிதார் இருப்பவர்கள் இப்போதே செய்து பார்க்கலாம். முதல் தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் 'ஈ' ஸ்வரம். அதை அப்படியே விட்டுவிட்டு, கீழே சி மேஜர் கார்டைப் பிடித்தால் தெளிவும் வெளிச்சமும். ஏ மைனருக்கு மாறினால் அதே 'ஈ' சோகமாகிறது. எஃப் மேஜர் செவன் பிடித்தால் ஏதோ ஏக்கம் கலந்துவிடுகிறது. மெட்டு அசையவே இல்லை. அடியில் இருந்த கார்டு மாறியது, அர்த்தம் மாறிவிட்டது. ஓர் எளிய மெட்டை அழகாக்கும் வேலையில் பாதி, இந்தத் தேர்வுதான்.

மீதிப் பாதி, எதை விடுவது என்பது. பியானோக்காரருக்குப் பத்து விரல்; கிதாரில் தந்தியை அழுத்தக் கிடைப்பது பெரும்பாலும் நாலே விரல். கார்டின் குணத்தைச் சொல்பவை மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்கள். ஐந்தாவதைப் பெரும்பாலும் தயங்காமல் விட்டுவிடலாம். பேஸ் வாசிப்பவர் கூட இருந்தால் மூல ஸ்வரமும் தேவையில்லை. 1937இல் கவுண்ட் பேஸி இசைக்குழுவில் சேர்ந்த கிதார் கலைஞர் ஃப்ரெடி கிரீன், பல கார்டுகளில் இரண்டு மூன்று ஸ்வரங்களை மட்டுமே ஒலிக்கவிட்டு அந்தப் பெரிய குழுவின் தாளத்தையே தாங்கினார்.

இனி மனோதர்மம். மனதில் தோன்றியதையெல்லாம் வாசிப்பதுதான் ஜாஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல. பாட்டின் கார்டு வரிசை, பல பாடல்களில் 32 பார் (தாள அலகு), திரும்பத் திரும்பச் சுழல்கிறது. அதன்மேல் கலைஞர் புதுப்புது மெட்டுகளைக் கட்டுகிறார். முக்கியமான அடிகளில் கார்டின் ஸ்வரத்தில் வந்து இறங்குவார்; இடையில் அக்கம்பக்கத்து ஸ்வரங்களைத் தொட்டுச் செல்வார். கர்நாடக சங்கீதத்தில் ராகம் வகுத்த எல்லை நிலையாக நிற்கும். இங்கே கார்டு மாறும்போதெல்லாம் எல்லையே நகர்கிறது. ஓடிக்கொண்டே யோசிக்க வேண்டும்.

அந்த யோசனையை ஒரு கட்டிடமாக்கியவர் கிதார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரி. 1923இல் இண்டியானபொலிஸில் பிறந்தவர். நொட்டேஷன் வாசிக்கத் தெரியாது. ஜாஸ் கிதார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே பழகினார். மீட்டும் வில்லையான பிளெக்ட்ரத்தைத் தொடாமல் கட்டைவிரலால் மீட்டியதால் அவருடைய ஒலியில் தனி மென்மை. முதலில் ஒற்றை ஸ்வரங்கள், பிறகு அதே ஓட்டம் ஒரே நேரத்தில் இரு ஸ்தாயிகளில், கடைசியில் முழுக் கார்டுகள் என்று அவருடைய சோலோக்கள் பல படிப்படியாக எழும். தொடங்குகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

பாடுபவர் உடன் இருந்தால் கிதாரின் வேலை மாறுகிறது. ஜோ பாஸ், பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுடன் 1973இல் 'டேக் லவ் ஈஸி' ஆல்பத்தைப் பதிவு செய்தார். மெட்டு ஃபிட்ஸ்ஜெரால்டின் குரலில் இருக்கிறது. அதனால் பாஸ் உச்சியை அவருக்கு விட்டுக்கொடுத்துக் கீழே கார்டுகளோடு தங்கிவிடுகிறார். பாடகி மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும் மெல்லிய தந்திக்கு ஏறி, ஒரு சிறு சங்கதி போட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்.