“ஸ்கூல் போகலையா?”: வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் நம் தப்பெண்ணங்களும்

வார நாளில் காலை பதினோரு மணிக்கு மளிகைக் கடை வாசலில் பத்து வயதுப் பிள்ளை நின்றால் போதும், “இன்னைக்கு ஸ்கூல் லீவா கண்ணு?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள். “நான் வீட்டுலதான் படிக்கிறேன்” என்று பிள்ளை சொன்னால், அடுத்த கேள்வி பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கு. “ஃபீஸ் கட்ட முடியலையா?” அல்லது குரலைத் தாழ்த்தி, “பிள்ளைக்கு ஏதாவது பிரச்சினையா?”

பள்ளியில் தேறாத பிள்ளைதான் வீட்டில் படிக்கும் என்பது இந்த விசாரிப்புக்குள் ஒளிந்திருக்கும் முடிவு. மும்பையின் மாளவிகா ராஜ் ஜோஷியின் கதை அதற்கு நேர் எதிர். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தபோதே, ஏழாம் வகுப்பில் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார் அம்மா. பல பாடங்களைத் தொட்டுப் பார்த்த மாளவிகாவின் மனம் கணினி நிரல் எழுதுவதில் நிலைத்தது. சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடில் இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம் வென்றார். பிளஸ் டூ சான்றிதழ் இல்லாததால் ஐஐடியின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. சென்னை கணிதவியல் கழகம் அவருடைய அறிவை அளந்து பார்த்து, எம்.எஸ்ஸி. நிலைப் பாடங்களைப் படிக்க இடம் கொடுத்தது. 2016இல், 17 வயதில், அமெரிக்காவின் எம்ஐடியில் சேர்ந்தார். ஒரு காகிதத்தைத் தாண்டி மாணவரைப் பார்த்த ஒரு நிறுவனம் நம் ஊரில் இருந்தது என்பதில் நாம் பெருமைப்படலாம்.

டெல்லியில் வீட்டிலேயே படித்த சஹல் கௌஷிக், 2010இல் 14 வயதில் ஐஐடி நுழைவுத் தேர்வில் அகில இந்திய அளவில் 33ஆம் இடம் பிடித்தார்.

இவர்களைச் சொன்னதுமே இன்னொரு தப்பெண்ணம் முளைக்கிறது: வீட்டில் படிப்பவர்கள் எல்லோரும் மேதைகள் என்று. பெரும்பாலோர் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்களே. அவர்களில் பலருக்குக் கைகொடுப்பது, மத்திய அரசின் கீழ் இயங்கும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 14 வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஐந்து பாடங்களில் தேற வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எழுத வேண்டிய நெருக்கடி இல்லை.

“இது சட்டப்படி குற்றமாச்சே?” என்பது மற்றொரு கேள்வி. 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால், சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை ஏதும் இல்லை. வீட்டுக் கல்விக்கென்று தனி அங்கீகாரமும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இக்குடும்பங்கள் நாளைக் கடத்துகின்றன.

அமெரிக்காவில் இந்தத் தப்பெண்ணத்துக்கு வேறு முகம். வீட்டுக் கல்வி என்றால் பழமைவாத வெள்ளையினக் கிறிஸ்தவக் குடும்பம் என்று அங்கே நினைப்பார்கள். ஆனால் வீட்டுக் கல்விக்காக 1977இல் அங்கே இதழ் தொடங்கிய ஜான் ஹோல்ட், பள்ளிகள் பிள்ளைகளின் ஆர்வத்தை நசுக்குவதைக் கண்டு மனம் வெதும்பிய ஓர் ஆசிரியர். 2020இல் கொரோனா காலத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை விசாரித்தபோது, பிள்ளைகளுக்கு வீட்டில் கற்பிக்கும் கறுப்பினக் குடும்பங்கள் சில மாதங்களிலேயே 3.3 சதவீதத்திலிருந்து 16.1 சதவீதமாகியிருந்தன. பள்ளி நடத்திய ஆன்லைன் வகுப்புகள் இந்த இரண்டாவது கணக்கில் சேரவில்லை. தொற்று பயம் ஒருபுறம்; பள்ளியில் தங்கள் பிள்ளைகள் நடத்தப்படும் விதம் குறித்த நெடுநாள் மனக்குறையும் அந்தப் பெற்றோரில் பலருக்கு இருந்தது.

“நாலு பேரோட பழகத் தெரியாம போயிடுமே” என்ற கவலையை மட்டும் ஒதுக்கிவிட முடியாது. பள்ளி தானாகவே தரும் தோழமையை, வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பெற்றோர்தான் தேடித் தர வேண்டும். விளையாட்டு மைதானம், நூலகம், பாட்டு வகுப்பு என்று கூட்டிக்கொண்டு அலைய வேண்டும். பெரும்பாலும் அந்த அலைச்சல் அம்மாவின் தலையில்தான் விழுகிறது. வேலையை விட்டவர்களும் உண்டு. மளிகைக் கடை வாசலில் அவரிடம் யாரும் அதை விசாரிப்பதில்லை.